வாசகர் கேள்வி – பதில்: கடல் கடந்து சித்திரம் கற்கும் மாணவரின் நாள்

உயர்தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்த பிள்ளைகளிடமிருந்தும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. பெரும்பாலானவை ஒரே விடயத்தைப் பல விதமாகக் கேட்பதால், சிலவற்றை மட்டும் தெரிந்தெடுத்து, நான் பயின்ற இடமான மேற்கு வங்காளத்துச் சாந்திநிகேதனின் கலாபவனம் என்ற கலைக்கல்லூரியை முன்வைத்து விடை எழுதுகிறேன்.

என் மகள் சித்திரம், தமிழ், இந்து நாகரிகம் ஆகிய பாடங்களில் உயர்தரம் எழுதிவிட்டு, இந்தியாவுக்குப் போய் ஓவியம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். அவளுக்குக் கைத்திறமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏற்கனவே வரையத் தெரிந்த பிள்ளை வரைவதற்காக ஆண்டுக்கணக்கில் கல்லூரிக்குப் போவானேன்? காலையிலிருந்து மாலை வரை அங்கே என்னதான் செய்வார்கள்?
– ஒரு தந்தை, தலவாக்கலை

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. வைத்தியமோ கணக்கியலோ படிக்கப் போகும் பிள்ளையின் பொழுது எப்படிக் கழியும் என்பதை நாம் ஓரளவு ஊகித்துக்கொள்கிறோம். சித்திரம் படிக்கும் பிள்ளையின் பொழுதைப் பற்றி நமது தேயிலைத் தோட்டங்களில் எவரும் நமக்குச் சொன்னதில்லை. ஆகவே, ஒரு நாளை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கலாபவனம் 1919 ஆம் ஆண்டு இரவீந்திரநாத் தாகூரால் தொடங்கப்பட்டு, ஓவியர் நந்தலால் போஸ் அவர்களின் தலைமையில் வளர்ந்தது. அது சார்ந்துள்ள விசுவபாரதி, 1951 முதல் இந்திய மத்திய அரசின் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, வடிவமைப்பு, கலை வரலாறு என அங்கே ஐந்து துறைகள் உண்டு. ஓவியம் படிக்கப் போகும் மாணவியும் தொடக்கத்தில் களிமண் பிசைய வேண்டும், மரக்கட்டை செதுக்க வேண்டும். எல்லாவற்றிலும் கை பழகிய பின்னரே தனக்குரிய துறையில் நிலைகொள்வார்.

நாள் வெயில் ஏறுமுன் தொடங்கிவிடுகிறது. கையில் ஒரு வரைதாள் புத்தகமும் கரிக்கோலும் மைப்பேனாவுமாக மாணவர்கள் வெளியே போவார்கள். கோபாய் ஆற்றங்கரையிலோ, செம்மண் மேட்டிலோ, அயலிலுள்ள சந்தால் பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்குப் போகும் பாதையிலோ நின்று, கண்ணிற்பட்ட மாட்டையும் மரத்தையும் மனிதரையும் வரைவார்கள். இவை சட்டமிட்டு மாட்டுவதற்கான படங்கள் அல்ல. அசையும் மாடு யாருக்காகவும் நிற்காது என்பதால், கழுத்து எங்கே திரும்பியது, எந்தக் காலில் உடலின் பாரம் இறங்கியது என்பதை ஓரிரு கோடுகளிற் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டும். நந்தலால் போஸ் தம் வாழ்நாள் முழுவதும் சிறு அட்டைகளில் இவ்வாறு வரைந்துகொண்டே இருந்தார். நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் அவர் அனுப்பிய அஞ்சலட்டைகளில் அத்தகைய கோட்டுச் சித்திரங்கள் இன்றும் பேணப்படுகின்றன. அந்தப் பழக்கமே கலாபவனக் கல்வியின் அடித்தளம் என்பேன்.

காலையின் பெரும்பகுதி பயிற்சிக்கூடத்தில் கழியும். உயிருள்ள மாதிரியைப் பார்த்து வரையும் வகுப்பில், முதியவர் ஒருவர் முக்காலியில் அமர்ந்திருக்க, மாணவர்கள் சுற்றி நின்று கரித்துண்டால் வரைவார்கள். ஆசிரியர் வந்து பின்னால் நிற்பார். முகம் ஒத்திருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. அமர்ந்தவரின் எடை முக்காலியில் இறங்கியிருக்கிறதா, அல்லது படத்தில் அவர் காற்றில் தொங்குகிறாரா என்றுதான் முதலிற் கேட்பார். நமது பாடசாலைகளில் முகச்சாயலுக்குப் புள்ளி வாங்கிப் பழகிய பிள்ளைக்கு இந்த ஒரு கேள்வி பல மாதங்களுக்கு உறக்கத்தைக் கெடுக்கும்.

அச்சுக்கலைக் கூடத்தைச் சற்று நெருங்கிக் காட்டுகிறேன். 'எதற்கு ஆண்டுக்கணக்கு' என்ற உங்கள் கேள்விக்கு அங்கேதான் தெளிவான விடை இருக்கிறது. துத்தநாகத் தகடு ஒன்றை விளிம்பு அராவி, எண்ணெய்ப் பிசுக்கு ஒரு புள்ளியும் இல்லாமல் துடைத்து, மெழுகும் தாரும் கலந்த மெல்லிய பூச்சை அதன்மேல் ஏற்ற வேண்டும். பூச்சு உலர்ந்தபின் ஊசியால் வரைய, கீறிய இடத்தில் மட்டும் உலோகம் வெளிப்படும். பிறகு தகட்டை நீர் கலந்த நைத்திரிக் அமிலத்தில் இடுவார்கள். வெளிப்பட்ட கோடுகளை அமிலம் அரிக்கத் தொடங்கியதும், கோட்டின் நெடுகிலும் நுண்ணிய குமிழிகள் எழும். அவற்றைப் பறவை இறகு ஒன்றினால் மெதுவாக ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அரிப்பு ஒரு சீராக இறங்காது. முன்னதாக எடுத்தால் கோடு வெளிறும். பிந்தினால் விளிம்பு சிதைந்து இரண்டு கோடுகள் ஒன்றாகிவிடும். பின்னர் பூச்சைக் கழுவி, பள்ளங்களுக்குள் மையை அழுத்தித் தேய்த்து, மேற்பரப்பிலுள்ள மையை வலைத்துணியாலும் ஈற்றில் உள்ளங்கையாலும் துடைத்து, நனைத்து ஈரம் ஒற்றிய தாளை மேலே விரித்து, கம்பளி போர்த்தி உருளைப் பொறிக்குள் செலுத்தினால், தாளை உரிக்கும்போது படம் இடம் வலமாக மாறி வந்திருக்கும். அது பெரும்பாலும் முதற் சோதனை அச்சாகவே இருக்கும். தகட்டைத் திருத்தி மறுபடியும் பூச்சு, மறுபடியும் அமிலம். இப்படி ஒரு தகட்டை முடிக்க வாரங்கள் செல்லும். இதை எந்தப் புத்தகத்தைப் படித்தும் கற்றுக்கொள்ள முடியாது, ஐயா. அமிலம், பொறி, பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் வேண்டும்.

நண்பகல் உணவுக்குப் பின், வெயில் கடுமையான மாதங்களில் ஊரே சற்று அடங்கும். கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும் நிலம் அது. நுவரெலியாக் குளிரில் வளர்ந்த உடம்புக்கு முதல் ஆண்டு சோதனைதான். பிற்பகலில் கலை வரலாற்று வகுப்பு. அஜந்தா, முகலாயச் சிற்றோவியம், இத்தாலிய மறுமலர்ச்சி, யப்பானிய மரஅச்சு என்று திரையிற் படங்களைக் காட்டி விளக்குவதோடு, ஆசிரியர் மாணவரை எழுப்பி வளாகத்தின் சுவர்களுக்கே அழைத்துச் செல்வதும் உண்டு. இந்தி பவனத்தின் சுவர்களில் விநோத் பிகாரி முகர்ஜி 1946, 1947 ஆம் ஆண்டுகளில் ஈரச் சுண்ணத்தின்மேல் தீட்டிய, இடைக்கால பக்திக் கவிஞர்களின் வாழ்வைச் சொல்லும் பேரோவியத்தின் கீழே நின்று பாடம் கேட்பது வேறெந்த வகுப்பறையிலும் கிட்டாத கல்வி. பிறவியிலேயே பார்வை குறைந்திருந்த அவர், நடுவயதில் அதை முற்றாக இழந்த பின்னரும், தாளை விரல்களால் தடவிக் கத்தரித்து ஒட்டியும் களிமண் பிடித்தும் படைப்பை நிறுத்தாதவர். கலாபவனச் சுவரொன்றில் ஓடுகளைப் பதித்து அவர் செய்த சித்திரம் 1972 ஆம் ஆண்டுக்குரியது.

மாலையில் கூடங்களில் விளக்கெரியும். காலையில் அரைகுறையாக விட்ட வேலையை முடிப்பதும், நூலகத்தில் பழைய ஓவியத் தொகுதிகளைப் புரட்டுவதும், மூத்த மாணவரின் அருகே அமர்ந்து அவர் நிறம் கலப்பதைப் பார்ப்பதும் அட்டவணையில் இல்லாத வகுப்புகள். பருவ இறுதியில் செய்த வேலை அனைத்தையும், கிழிக்கத் தோன்றிய பயிற்சித் தாள்கள் உட்பட, சுவரிலும் தரையிலும் பரப்பிவைக்க, ஆசிரியர் குழு ஒவ்வொன்றாய்ப் பார்த்துப் புள்ளியிடும். கடைசி வாரத்தில் விழுந்து விழுந்து வரைந்து தப்பிக்க அங்கே வழியில்லை.

உங்கள் மகள் போக விரும்புவது பொழுதுபோக்குக்கு அல்ல, உடம்பும் புத்தியும் சேர்ந்து உழைக்கும் இடத்துக்கு. திறமை இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அனுப்பிவையுங்கள்.

நான் தமிழ் மொழிமூலம் படித்தவள். ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், பேச நா எழாது. வங்காளம் அறவே தெரியாது. எல்லோருக்கும் முன்னால் நமது படத்தை வைத்துக் குறை சொல்வார்கள் என்றும் கேள்விப்பட்டேன். எப்படிச் சமாளிப்பது?
– ஒரு மாணவி, பண்டாரவளை

தங்கையே, மொழியைப் பற்றிய அச்சத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். கூடத்தில் நடக்கும் கல்வியின் பெரும்பகுதி கையாலும் கண்ணாலும் நடப்பது. ஆசிரியர் உங்கள் தாளின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துக் காட்டினால் அதற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. சந்தையிலும் உணவுச்சாலையிலும் பேசும் வங்காளம் சில மாதங்களில் தானாகவே காதில் ஏறிவிடும். ஆனால் கலை வரலாற்றுக்குரிய கட்டுரைகளுக்கும் நூல்களுக்கும் ஆங்கிலம் இன்றியமையாதது. இங்கிருக்கும்போதே ஓவியம் ஒன்றை எடுத்து, அதில் என்ன இருக்கிறது என்பதைப் பத்து வரிகளில் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். கருத்துரை வேண்டாம், இடது மூலையில் என்ன, அதன் நிறம் என்ன, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் எழுதுங்கள். பேச்சும் அதன் வழியாகவே வரும்.

விமர்சன அமர்வைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. படத்தைச் சுவரில் மாட்டி, வகுப்பு முழுவதும் எதிரே அமர்ந்து பேசும். நமது பழக்கத்தில் ஆசிரியர் குறை சொன்னால் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வதுதான் மரியாதை. அங்கே மறுமொழி சொல்லாதிருப்பது, படத்தைப் பற்றி நீங்கள் எதையும் யோசிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளப்படும். ஆசிரியரைப் பெயரோடு 'தா' என்றும், ஆசிரியையை 'தி' என்றும், அதாவது அண்ணன், அக்காள் முறை வைத்து, அழைக்கும் வழக்கம் சாந்திநிகேதனில் நெடுங்காலமாக இருந்துவருவதால், எதிர்வாதம் செய்வதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

அந்த அமர்வுகளில் நான் கண்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியின் படம் சுவரில் இருந்தது. பச்சை மலை, சிவப்புச் சேலை, முதுகிலே கூடை, முகத்திலே சிரிப்பு. ஆசிரியர் வெகுநேரம் பார்த்துவிட்டு, கூடையின் பாரம் இந்தப் பெண்ணின் உடம்பில் எங்கே இறங்குகிறது என்று கேட்டார். கூடைக் கயிறு தலையில் மாட்டப்படுவது, அதனால் கழுத்து முன்னே தள்ளி நிற்பது, இடுப்பிற் கட்டிய படங்கு செடியில் உரசி உரசித் தேய்வது, செடியின் மட்டத்தைப் பார்க்கும் மட்டக்கம்பை எட்டிப் போடும்போது ஒரு தோள் மட்டும் தாழ்வது ஆகிய எதுவுமே அந்தப் படத்தில் இல்லை. சுற்றுலா அட்டையில் உள்ள பெண்தான் இருந்தாள். அந்தக் கேள்வியில் குத்தல் ஏதும் இருக்கவில்லை. மலையகத்தை ஒருநாளும் கண்டிராத ஒருவர், தேயிலைச் செடியைத் தொட்டறியாத ஒருவர், வெறும் பார்வையின் பயிற்சியினால் பிழையின் இடத்தைச் சரியாகத் தொட்டார். இப்படிப்பட்ட கண்ணின் முன்னால் நம் படத்தை வைக்கக் கிடைப்பது பேறு. அஞ்ச வேண்டாம்.

தோட்டத்தையும் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தையும் வரைந்தால் வெளிநாட்டுக் கல்லூரிகளில் எடுபடுமா? அல்லது நவீன ஐரோப்பியப் பாணியைப் பழகிக்கொண்டு போவது நல்லதா?
– ஒரு மாணவன், லுணுகலை

தம்பி, கலாபவன வளாகத்தில் திறந்தவெளியில் நிற்கும் இரண்டு சிற்பங்களைப் பற்றிச் சொன்னால் போதுமென்று நினைக்கிறேன். இரண்டையும் செய்தவர் ராம்கிங்கர் பெய்ஜ். வங்காளத்தின் பாங்குராவில் எளிய குடும்பமொன்றிற் பிறந்து, அங்கேயே மாணவராகவும் பின்னர் ஆசிரியராகவும் வாழ்ந்தவர்.

முதலாவது 1938 இல் செய்யப்பட்ட சந்தால் குடும்பம். வெண்கலம் வாங்க வசதியில்லாத காலத்தில், சீமெந்தையும் அந்த மண்ணின் சிவந்த சரளைக் கல்லையும் கலந்து, இரும்புக் கம்பிச் சட்டகத்தின்மேல் எறிந்து எறிந்து ஆளுயரத்துக்கு மேலாக எழுப்பினார். கணவனும் மனைவியும், குழந்தையும் நாயுமாக, தம்மிடமுள்ள சொற்ப உடைமைகளைக் காவுதடியிலும் தலையிலும் சுமந்தபடி, பிழைப்பைத் தேடி வேறிடம் போகிறார்கள். தலைமன்னாரில் இறங்கி, மாத்தளைப் பாதையாற் காடு கடந்து, நடந்தே மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அந்தச் சிலையை எவரும் விளக்க வேண்டியதில்லை. தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த அவர்களின் வருகைக்கு 1823 தொடங்கி இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நாம் 2023 இல் நினைவுகூர்ந்தோம். அந்த நடையை இவ்வளவு உயரத்தில், இவ்வளவு கம்பீரத்தோடு நிறுத்திவைத்த ஒரு சிலை நமது மலைகளில் எழ வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இரண்டாவது 1956 இல் செய்யப்பட்டது. அரிசி ஆலையின் சங்கு ஊதிவிட்டது. இரண்டு பெண்கள் ஓடுகிறார்கள், பின்னால் ஒரு சிறுவன். நனைந்த சேலையை உலர்த்தி உடுத்தவும் நேரமில்லாமல், ஓடும் காற்றிலேயே அது உலரட்டும் என்று பறக்கவிட்டபடி ஓடுகிறார்கள். காலையில் பெயர் பதியும் பிரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பெயர் போய்விடும் என்று விடியலில் ஓடிய தாய்மாரைப் பார்த்து வளர்ந்த எவரும் அந்தக் கால்களை அடையாளம் கண்டுகொள்வர்.

ராம்கிங்கர் ஐரோப்பிய நவீன சிற்பத்தை ஆழ்ந்து கற்றவர். உருவத்தைத் திரளாகவும் கோணமாகவும் உடைத்துக் காணும் முறையை அதிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆனால் எதைச் செய்வது என்பதை அவர் அங்கிருந்து கடன் வாங்கவில்லை. நமது கண்டியிலே பிறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற்றும், உருவத்தைக் கோணங்களாக உடைத்துக் காட்டும் ஐரோப்பியப் பாணியான கியூபிசத்தின் கோட்டை எடுத்து நாயக நாயகியரையும் புத்தரின் வாழ்வையும் வரைந்தவர்தான். ஆகவே பாணி ஒன்றைப் பழகிக்கொண்டு போக வேண்டாம். பாணி அங்கே கிடைக்கும், உங்கள் லயத்தின் வாசற்படி அங்கே கிடைக்காது. கலாபவனத்தின் அச்சுக்கலைத் துறையைப் பின்னாளில் வழிநடத்திய சோம்நாத் ஹோர், தம் இளவயதில் வட வங்காளத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே சென்று அவர்களை வரைந்து பதிவுசெய்தவர் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். தேயிலைச் செடியும் அதன் அருகே நிற்கும் மனிதரும் அந்தக் கூடத்துக்குப் புதியவர் அல்லர்.

ஒரு எச்சரிக்கை மட்டும்: லயத்தை வரைவதென்றால் இடிந்த கூரையையும் அழும் குழந்தையையும் வரைவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள். மாசி மாதக் காமன் கூத்துக்கு முகம் எழுதுவதும், லயத்துக்குப் பின்னாலுள்ள மரக்கறிப் பாத்தியும், ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் தட்டுகளின் நீண்ட வரிசையும் வரையத் தகுந்தவையே.

செலவுக்கு என்ன வழி?
– ஒரு தாய், மஸ்கெலியா

அம்மா, இந்திய அரசின் புலமைப்பரிசில்களை ஆண்டுதோறும் கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் அறிவிக்கிறது. முதற்பட்டத்துக்கு நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலும், முதுமாணிக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலும் பொருந்தும். கல்விக் கட்டணத்தோடு மாதாந்தக் கொடுப்பனவும் இவற்றில் அடங்கும். கண்டியிலும் உதவி உயர்ஸ்தானிகராலயம் இருப்பதால், விபரம் அறியக் கொழும்புவரை போக வேண்டியதில்லை. இடைத்தரகர் எவருக்கும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்; விண்ணப்பத்தைப் பிள்ளையே நிரப்பலாம். பட்டம் இங்கே ஏற்கப்படும் முறையைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவைப்பதும் நல்லது. நிறம், தாள், தகடு ஆகியவற்றுக்கான செலவைத் தனியே கணக்கிடுங்கள். பெற்றோர் பெரும்பாலும் மறந்துவிடுவது அதைத்தான். புலமைப்பரிசில் கிட்டாவிட்டால் மனம் உடைய வேண்டாம்: மட்டக்களப்பின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் சித்திரத்தைத் தமிழிலேயே பயிலலாம்.

பரீட்சை முடிந்துவிட்டது. பெறுபேறு வரும்வரை என்ன செய்யலாம்?
– ஒரு மாணவி, இராகலை

கைத்தொலைபேசியிலுள்ள புகைப்படத்தைப் பார்த்து வரைவதை இன்றோடு நிறுத்துங்கள். புகைப்படம் எதை வரைய வேண்டும், எதை விட வேண்டும் என்பதை உங்களுக்கு முன்பே தீர்மானித்துவிட்டது. கலாபவனத்தில் உங்களிடம் எதிர்பார்க்கப்படுவது அந்தத் தீர்மானத்தை நீங்களே எடுப்பது. கோடில்லாத அப்பியாசக் கொப்பி ஒன்றை வாங்கி, வீட்டிலுள்ளவர்கள் வேலை செய்யும்போது வரையுங்கள்: ரொட்டி தட்டும் கை, விறகு கட்டும் முதுகு, பஸ்ஸுக்குக் காத்திருப்போர். அழிப்பானைத் தொடாதீர்கள். பிழையான கோட்டின் பக்கத்திலேயே திருத்திய கோட்டைப் போடுங்கள்; நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதைத் தேர்வாளர் அந்த இரண்டு கோடுகளுக்கும் இடையிலிருந்துதான் அறிந்துகொள்வார். விண்ணப்பத்தோடு அனுப்பும் படங்களில் நன்கு முடித்த வண்ண ஓவியங்கள் சில இருக்கட்டும். இந்தக் கொப்பியின் பக்கங்களும் கட்டாயம் இருக்கட்டும். திகதியை ஒவ்வொரு பக்கத்தின் கீழும் எழுதி வாருங்கள்.